ஊர்ப்பெயர் தாங்கிய டாலர்: அமெரிக்க தேசிய வங்கி நோட்டுகளின் சேகரிப்பு மதிப்பு

அமெரிக்காவில் 1929 வரிசையில் வெளிவந்த 10 டாலர் நோட்டுகள் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நடுவில் ஹாமில்டன் படம். வலப்புறம் பழுப்பு நிற அரசு முத்திரை. இரண்டும் வாஷிங்டனில் உள்ள அரசு அச்சகத்தில் அச்சானவை. வேறுபாடு இடப்பக்கம் கருப்பு மையில் அடித்திருக்கும் சில சொற்களில்தான் இருக்கிறது. ஒன்றில் பென்சில்வேனியாவின் பெருநகர வங்கி ஒன்றின் பெயர். மற்றதில் நெவாடா மாநிலத்துச் சிற்றூர் வங்கி ஒன்றின் பெயர். முதல் நோட்டு, நன்றாகப் புழங்கிக் கசங்கிய நிலையில், 100 டாலருக்குள் கிடைத்துவிடும். அதே அளவு கசங்கிய இரண்டாவது நோட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். வயதும் முகமதிப்பும் தாளின் நிலையும் ஒன்றாக இருக்க, விலை மட்டும் ஏன் இப்படிப் பிரிகிறது? தேசிய வங்கி நோட்டுகளைப் பற்றிய ஆய்வு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

இந்த நோட்டுகள் பிறந்த காலம் உள்நாட்டுப் போர்க்காலம். 1863-க்கு முன் அமெரிக்காவில் மாநிலங்களிடம் உரிமம் பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் தத்தம் பெயரில் நோட்டு அடித்தன. ஆயிரக்கணக்கான வகைகள் புழங்கியதால் எது நல்ல நோட்டு, எது கள்ள நோட்டு, எந்த வங்கி மூடிவிட்டது என்று பார்க்கக் கடைக்காரர்கள் மாதந்தோறும் வெளிவரும் கையேடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. போருக்குப் பணம் திரட்ட வேண்டிய நெருக்கடியில் இருந்த கருவூலச் செயலர் சால்மன் சேஸ் இரண்டு சிக்கலையும் ஒரே திட்டத்தால் தீர்க்கப் பார்த்தார். 1863 பிப்ரவரி 25 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டமும் 1864-இல் அதைத் திருத்தி எழுதிய சட்டமும் சொன்னது இதுதான்: மத்திய அரசிடம் பட்டயம் பெறும் வங்கி, அரசுக் கடன்பத்திரங்களை வாங்கி வாஷிங்டனில் ஒப்படைக்க வேண்டும், அந்தப் பத்திர மதிப்பில் 90 சதவீதம் வரை தன் பெயர் பொறித்த நோட்டுகளைப் பெறலாம். அரசுக்குக் கடன் கிடைத்தது. வங்கிக்குப் பத்திர வட்டியோடு புழங்குபணமும் கிடைத்தது. வங்கி திவாலானாலும் நோட்டுக்கு அரசு பணம் கொடுத்துவிடும் என்பதால் மக்களுக்கும் நம்பிக்கை வந்தது. மாநில வங்கிகளின் நோட்டுக்கு 10 சதவீத வரி விதித்ததும் பழைய நோட்டுகள் புழக்கத்திலிருந்து மறைந்தன.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்தியா நேர்எதிர்த் திசையில் போனது. 1861-ஆம் ஆண்டின் காகித நாணயச் சட்டம் மதராஸ் வங்கி உள்ளிட்ட மாகாண வங்கிகளிடமிருந்து நோட்டு வெளியிடும் உரிமையைப் பறித்து அரசிடம் கொடுத்தது. அமெரிக்காவிலோ அந்த உரிமை ஊர் ஊராகப் பரவியது. 1863 முதல் 1935 வரை நோட்டு வெளியிட்ட தேசிய வங்கிகள் 12,000-க்கும் மேல். ஒவ்வொன்றின் நோட்டிலும் அந்த ஊரின் பெயர், மாநிலத்தின் பெயர், பட்டய எண், வங்கித் தலைவர், கேஷியர் ஆகிய இருவரின் கையெழுத்து. உலகில் வேறெந்த நாட்டுப் பணத்திலும் இத்தனை ஊர்ப்பெயர்கள் ஏறியதாக எனக்குத் தெரியவில்லை.

தொடக்க காலச் சட்டம் 6,000 பேருக்கு மேற்படாத ஊர்களில்கூட 50,000 டாலர் மூலதனம் கேட்டது. 1900-இல் வந்த பொன் அளவுச் சட்டம் 3,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அதை 25,000 டாலராகக் குறைத்தது. நோட்டு வெளியிடும் வரம்பையும் பத்திரத்தின் முழு முகமதிப்புக்கு உயர்த்தியது. உடனே தானியக் கிடங்கும் ரயில் நிலையமும் மட்டுமே இருந்த ஊர்களில்கூட தேசிய வங்கிகள் முளைத்தன. இன்று சேகரிப்பாளர்கள் ஏலத்தில் அடித்துக்கொள்ளும் சிற்றூர் நோட்டுகளில் பெரும்பகுதி இந்த அலையில் வந்தவை. அந்த வங்கிகளில் பல, 1920-களின் விளைபொருள் விலைச் சரிவிலும் 1930-களின் பெருமந்தத்திலும் மூடிப்போயின. சில ஊர்களே இன்று இல்லை.

வகைகளைப் புரிந்துகொள்ளப் பட்டயக் காலம் என்ற கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வங்கிக்குப் பட்டயம் 20 ஆண்டுகளுக்கு. நீட்டிக்கும்போது புதிய வடிவமைப்புக்கு மாற வேண்டும். முதல் காலத்து நோட்டுகள் 1 டாலர் முதல் 1,000 டாலர் வரை இருந்தன. அவற்றில் பலவற்றின் பின்புறம் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்து ஓவியங்கள் செதுக்கு வேலையில் வந்தன: 5 டாலரில் கொலம்பஸ் கரையிறங்குகிறார், 20 டாலரில் போகஹாண்டசுக்கு ஞானஸ்நானம், 100 டாலரில் விடுதலைப் பிரகடனக் கையெழுத்து. 2 டாலர் நோட்டில் பெரிய 2 என்ற எண் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கும்; சேகரிப்பாளர்கள் அதைச் 'சோம்பேறி இரண்டு' என்று செல்லமாக அழைக்கிறார்கள். 1879-இல் காகிதப் பணத்துக்குப் பொன் கொடுப்பது மீண்டும் தொடங்கியதோடு 1, 2 டாலர் தேசிய நோட்டுகள் நின்றுபோயின. எந்த வங்கியுடையதாக இருந்தாலும், கிழிசலாக இருந்தாலும், படுத்த இரண்டு ஆயிரம் டாலருக்குக் கீழே அபூர்வமாகவே போகும். இங்கே வகையே விலையைத் தீர்மானிக்கிறது.

1882 வரிசையின் முதல் வடிவம் பழுப்பு முதுகு நோட்டு. பின்புறத்தின் நடுவில் பட்டய எண் மட்டும் நீலப்பச்சை நிறத்தில் பெரிதாக நிற்கும். சுற்றிலும் பழுப்பு வலைப்பின்னல். அச்சுக்கலையில் அமெரிக்கப் பணம் தொட்ட உச்சம் அதுதான் என்பது என் எண்ணம். 1902 வரிசையில் முதல் ஆறு ஆண்டுகள் மட்டும் சிவப்பு முத்திரை இருந்தது. அந்தக் குறுகிய இடைவெளியில் பட்டயம் பெற்ற அல்லது நீட்டித்த வங்கிகளுக்கே அது கிடைத்ததால் இன்றும் அதற்குத் தனி மவுசு. 1908-க்குப் பின் வந்த நீல முத்திரை நோட்டுகள்தான் பெரிய அளவு நோட்டுகளில் மிகுதியாகக் கிடைப்பவை. 1929 முதல் இப்போதைய அளவுக்குச் சுருங்கிய சிறிய நோட்டு. 1935-இல், நோட்டுக்கு ஈடாக இருந்த கடன்பத்திரங்களை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டபோது இந்த ஏற்பாடு முழுவதும் முடிவுக்கு வந்தது.

1902 வரிசை 10 டாலர் நோட்டு ஒன்றைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை பல. இடப்புறம் மெக்கின்லி. நடுவில் வங்கியின் பெயர், அதன் கீழே ஊரும் மாநிலமும், வாஷிங்டன் குறித்த தேதி. வலப்புறம் நீல முத்திரையும் பட்டய எண்ணும். 1924 வரை வந்தவையாக இருந்தால் பட்டய எண்ணருகே N, S, W என்பதுபோல ஓர் எழுத்தும் இருக்கும். வாஷிங்டனில் நோட்டுகளை வட்டாரம் வாரியாகப் பிரிக்க வைத்த அடையாளம் அது. கீழே வங்கிக்காரர்கள் இருவரின் கையெழுத்து. நோட்டுகள் வங்கிக்குப் பொதுவாக நான்கு நோட்டுகள் கொண்ட தாளாகத்தான் வரும். வங்கியிலேயே கையெழுத்திட்டுக் கத்தரிப்பார்கள். ஆகவே ஒரு விளிம்பு கோணலாக இருந்தால் அது வங்கி ஊழியரின் கத்தரிக்கோல் வேலை. பேனா மையில் இட்ட கையெழுத்து தெளிவாக நின்றால் விலை கூடும். பல இடங்களில் மை மங்கிப் பழுப்புக் கீறலாகிவிட்டிருக்கும். சில வங்கிகள் ரப்பர் முத்திரையால் வேலையை முடித்தன. பெண் ஒருவர் கேஷியராகவோ தலைவராகவோ கையெழுத்திட்டிருந்தால் அதற்கென்றே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிற்றூரில் ஒரு பெண் வங்கி நடத்தியதற்கு அந்தத் தாளே சான்று.

சிறிய நோட்டுகளில் இரண்டு வகை. முதல் வகையில் ஆறு நோட்டுகள் கொண்ட தாள் முழுவதுக்கும் ஒரே எண். முன்னெழுத்து மட்டும் A முதல் F வரை மாறும். அதனால் எண் 1 போட்ட நோட்டுகள் ஒரு வங்கிக்கு ஒரு மதிப்பில் ஆறு. 1933-இல் வந்த இரண்டாம் வகையில் எண்கள் தொடர்ச்சியாக ஓடும். பட்டய எண் பழுப்பு மையிலும் கூடுதலாக வரும். இரண்டாம் வகை இரண்டே ஆண்டுகள் வந்ததால் பெரும்பாலான வங்கிகளில் அதுவே குறைவு. எண் 1 நோட்டுகளை வங்கித் தலைவர்களின் குடும்பங்கள் நினைவாக எடுத்துவைத்த வழக்கம் இருந்ததால், வெட்டாத முதல் தாள்கள் சில அப்படியே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட தாளை இலாபத்துக்காகத் துண்டு துண்டாக வெட்டி விற்ற வழக்கமும் இருந்திருக்கிறது. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

எத்தனை அச்சானது என்பதைவிட எத்தனை தப்பியது என்பதே இங்கே முக்கியம். 1874 சட்டப்படி கிழிந்த, அழுக்கான நோட்டுகளை வாஷிங்டனுக்கு அனுப்பி, வங்கி வங்கியாகப் பிரித்து, அழிக்கும் ஏற்பாடு வந்தது. அந்தப் பிரிப்பு வேலையை எளிதாக்கத்தான் பட்டய எண்ணை முகத்தில் அச்சிடக் கட்டளையிட்டார்கள். பல பத்தாயிரம் தாள்கள் வெளியிட்ட வங்கிக்கும் இன்று கைவிரல் எண்ணிக்கையில்தான் நோட்டு மிஞ்சியிருக்கலாம். ஒருசில ஆயிரம் டாலருக்கு மட்டுமே நோட்டு வெளியிட்ட குட்டி வங்கியின் கட்டு ஒன்று யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கிடந்து தப்பியிருந்தால் அது எளிதாகக் கிடைக்கும் நோட்டாகிவிடும். வங்கி முடிந்த காலத்தில் திரும்பாமல் வெளியே நின்ற தொகை எவ்வளவு என்று அரசுப் பேரேட்டில் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதை அப்படியே அரிதின் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறான வழி. வெளியே நின்ற தொகையில் நெருப்பில் எரிந்தவை, வெள்ளத்தில் போனவை எல்லாம் அடக்கம்.

இந்தத் தெளிவு வர நீண்ட காலம் பிடித்தது. ஆல்பர்ட் கிரின்னெலின் புகழ்பெற்ற சேகரிப்பு 1944 முதல் 1946 வரை சிராகியூஸ் நகரில் ஏலம் போனபோது, அமெரிக்க நோட்டுகளைச் சேகரித்தவர்கள் மிகக் குறைவு. 1953-இல் ராபர்ட் ஃப்ரீட்பெர்க் வெளியிட்ட விலைப்பட்டியல் எல்லா வகைக்கும் ஓர் எண் கொடுத்தது. இன்றும் அந்த எண்களே புழக்கத்தில் உள்ளன. ஆனால் அது வகையைப் பட்டியலிட்டது, வங்கியை அல்ல. ஒரே வகை எண்ணின்கீழ் ஆயிரக்கணக்கான வங்கிகள் ஒளிந்திருந்தன. லூயிஸ் வான் பெல்கம் அரசுப் பேரேடுகளைப் புரட்டி, நோட்டு வெளியிட்ட ஒவ்வொரு வங்கியையும் திரட்டி 1968-இல் நூலாக்கினார். ஐயோவாவைச் சேர்ந்த ஜான் ஹிக்மன், கண்ணில் பட்ட நோட்டுகளின் வரிசை எண்களைப் பல ஆண்டுகள் குறித்துவந்தார். அவரும் டீன் ஓக்சும் சேர்ந்து 1982-இல் வெளியிட்ட பெருநூல் வங்கி வாரியாக வெளியீட்டு விவரத்தையும் அரிதின் படிநிலையையும் கொடுத்தது. பின்னர் டான் கெல்லி அந்தக் கணக்கெடுப்பை விரித்தார். பீட்டர் ஹன்டூன் அச்சுத் தகடுகளையும் சட்டங்களையும் ஆவணக் காப்பகத்தில் தோண்டி, எந்த வடிவமைப்பு ஏன் வந்தது என்பதை விளக்கினார். ஐயோவாவின் ஒகொபோஜி ஊரில் வில்லியம் ஹிக்கின்ஸ் இந்த நோட்டுகளுக்காகவே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்.

இந்த உழைப்புதான் சந்தையை உருவாக்கியது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வங்கியின் நோட்டு மூன்றுதான் தெரியவந்திருக்கிறது என்று சொல்ல யாராவது எண்ணியிருக்க வேண்டும் அல்லவா? எண்ணாத வரை அந்த நோட்டும் சாதாரண 1902 நோட்டாகவே கைமாறியது. பட்டியல் வந்த பிறகு, அதே தாள் பல மடங்கு விலைக்குப் போனது.

எண்ணிக்கை மட்டும் போதாது. கேட்கும் ஆள் வேண்டும். நோட்டு வெளியிட்ட வங்கிகள் மிகுதியாக இருந்த மாநிலம் பென்சில்வேனியா. அங்கே இரண்டு நோட்டே மிஞ்சிய சிற்றூர் வங்கிகள் பல உண்டு. அவற்றின் விலை, அந்த ஊரிலோ அந்த மாவட்டத்திலோ பிறந்து வளர்ந்த சேகரிப்பாளர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. நெவாடா, வயோமிங், இடாஹோ, அரிசோனா போன்ற இடங்களின் கதை வேறு. நெவாடாவில் நோட்டு வெளியிட்ட வங்கிகளே இருபதுக்கும் குறைவு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நோட்டு சேர்க்க நினைக்கும் அமெரிக்கர் எவரும் அந்த வாசலைத் தட்டியே ஆக வேண்டும். போர்ட்டோ ரிக்கோவுக்கு ஒரே ஒரு வங்கி, சான் ஹுவானில். அலாஸ்காவில் ஜூனோ, ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஒருசில ஊர்கள்தான். மாநிலமாவதற்கு முந்தைய ஆட்சிப்பகுதிகளின் நோட்டுகளுக்கு இதைவிடப் போட்டி அதிகம்: 1889-க்கு முன் டகோடா, 1907-க்கு முன் ஓக்லஹோமாவும் செவ்விந்தியர் ஆட்சிப்பகுதியும், 1912-க்கு முன் நியூ மெக்சிகோவும் அரிசோனாவும். தங்கவேட்டைக்குப் பெயர்போன டெட்வுட் ஊரின் பெயரோடு டகோடா ஆட்சிப்பகுதி என்று அச்சான பழுப்பு முதுகு நோட்டு வந்தால், நோட்டு சேகரிக்காதவர்களும் மேற்கத்திய வரலாற்றின்மேல் உள்ள ஆசையால் கை தூக்குவார்கள்.

ஏல விலைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சிற்றூரின் நோட்டு முதல்முறையாக வெளிவரும்போது அதற்காகக் காத்திருந்த இருவர் மோதிக்கொண்டால் விலை எங்கோ போய்விடும். அடுத்த ஆண்டு அதே வங்கியின் இன்னொரு நோட்டு வந்தால், வென்றவருக்கு அது தேவையில்லை. தோற்றவருக்குப் போட்டியே இல்லை. விலை பாதியாகிவிடும். நோட்டு மாறவில்லை, தாளின் தரம் மாறவில்லை. ஒற்றை ஏல முடிவை வைத்து இதுதான் இதன் மதிப்பு என்று சொல்வது அதனால் ஆபத்து. புதையல்கள் இன்னொரு அதிர்ச்சி. பழைய வீடு ஒன்றிலிருந்து ஒரே வங்கியின் இருபது நோட்டுகள் வந்தால் அதுவரை அரிதாக இருந்தது ஒரே நாளில் பொதுவாகிவிடும்.

'ஒன்றே ஒன்றுதான் உலகில்' என்ற விளம்பரத்தையும் கேள்வி கேட்காமல் ஏற்கக்கூடாது. வங்கி, வகை, முகமதிப்பு என்று துண்டு போட்டுக்கொண்டே போனால் எந்த நோட்டையும் ஒற்றை நோட்டாக்கிவிடலாம். ஒரு வங்கியின் பதினைந்து நோட்டுகள் தெரிந்திருக்க, அதில் 1882 பழுப்பு முதுகு 20 டாலர் ஒன்றுதான் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஊரின் நோட்டு ஒன்று வேண்டும் என்பவருக்கு மற்ற பதினான்கில் எதுவும் போதும். சந்தை பெரும்பாலும் இந்தப் பதினைந்தைத்தான் பார்க்கிறது.

நிலையைப் பற்றிய வழக்கமான விதிகளும் இங்கே வளைகின்றன. சாதாரண வங்கிகளின் நோட்டுகளில் மடிப்பு விழாத சலவை நோட்டுக்கும் பலமுறை மடித்த நோட்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்குமான தூரம். அரிய வங்கியில் அப்படியில்லை. வேறொன்று கிடைக்காது என்றால் மூலை போன கந்தலையும் வணங்கி வாங்குவார்கள். 70 புள்ளி அளவுகோலில் தரம் போட்டுப் பிளாஸ்டிக் உறையிடும் நிறுவனங்கள் வந்த பிறகு, வங்கியைவிட எண்ணைப் பார்த்து வாங்கும் போக்கு வளர்ந்திருக்கிறது. தேசிய நோட்டுகளைப் பொறுத்தவரை இதை ஒரு பின்னடைவாகவே பார்க்கிறேன். அந்த உறைகள் செய்யும் உண்மையான உதவி வேறு: துவைத்த தாள், அழுத்தித் தேய்த்த மடிப்பு, ஒட்டுப்போட்ட கிழிசல், ஊசித்துளை, மேலெழுதிய கையெழுத்து ஆகியவற்றைப் பழகிய கண் பார்த்துக் குறித்துவிடுகிறது. 1929 நோட்டுகளில் வங்கியின் பெயர் மேலச்சாக ஏறியது என்பதால், அரிய ஊர்ப்பெயரைப் போலியாக ஏற்றவும் வழியிருக்கிறது. அங்கே அந்தப் பரிசோதனை அவசியம்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இன்னொன்று. 1933-இல் மக்கள் பணத்தை எடுக்க வங்கிகளை முற்றுகையிட்ட நெருக்கடியில், கையிலிருந்த 1929 வடிவமைப்பையே வைத்துப் பன்னிரண்டு பெடரல் ரிசர்வ் வங்கிகளின் பெயரிலும் நோட்டு அடித்தார்கள். மேலே 'நேஷனல் கரன்சி' என்றே இருக்கும், முத்திரையும் பழுப்புதான். ஆனால் அவை தேசிய வங்கி நோட்டுகள் அல்ல. சிகாகோ, நியூயார்க் பெயருள்ளவை ஏராளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் பழம்பொருள் விற்பனைக்குப் போகும் நம்மவர்களும் இதை ஊர் வங்கி நோட்டு என்று நினைத்து வாங்குவதுண்டு. பட்டய எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்: பெடரல் ரிசர்வ் வங்கி நோட்டில் அந்த இடத்தில் A முதல் L வரையுள்ள ஓர் எழுத்துதான் இருக்கும்.

2000-களில் ஏறிய விலைகள் பின்னர் சாதாரண நோட்டுகளில் தளர்ந்தன; சொந்த ஊர் நோட்டைத் தேடிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது என்பது அதற்கு ஒரு காரணம். ஆயினும் மூன்று நான்கு நோட்டே மிஞ்சிய வங்கிகளில் அந்தத் தளர்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை. இணையத்தில் திறந்திருக்கும் கணக்கெடுப்பும் பழைய ஏலங்களின் படங்களும் வாங்குபவருக்கு இப்போது பெரிய பாதுகாப்பு. ஒரு நோட்டு எந்தெந்த ஆண்டு எங்கே விற்றது, அப்போது அதில் எத்தனை மடிப்பு இருந்தது, இப்போது மடிப்பு காணாமல் போயிருக்கிறதா என்பதுவரை வரிசை எண்ணை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒரு நோட்டுகூட இதுவரை கண்ணில் படாத வங்கிகள் அந்தக் கணக்கெடுப்பில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் நோட்டுகளில் சில நிச்சயம் வீடுகளில் இருக்கும். தாத்தாவின் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால், துடைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், பசை நாடா ஒட்ட வேண்டாம். இருபுறமும் படம் எடுத்து, பட்டய எண்ணையும் வரிசை எண்ணையும் கையெழுத்துகளையும் கணக்கெடுப்புக்கு அனுப்புங்கள். விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். உரிமையாளர் பெயர் அங்கே தேவைப்படாது.